பாதி வழியில் இறக்கிவிடும் உதவித்தொகை

வண்டிப்பெரியாற்றிலிருந்து மேலே ஏறினால் சத்திரம் வரும். புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடந்து போகிறவர்கள் புறப்படும் இடம் அது. அந்த மலைமேட்டில் கேரளப் பொதுப்பணித் துறை 650 மீட்டர் நீளத்துக்கு ஒரு விமான ஓடுதளம் போட்டிருக்கிறது. பயணிகள் விமானம் அங்கே வராது. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பறக்கப் பழக வேண்டும் என்பதற்காகவே கட்டியது. 2022 ஏப்ரலில் இறங்கப் பார்த்த சிறு விமானம் எதிரே நின்ற மண்மேட்டால் இறங்க முடியாமல் திரும்பிப் போனது. ஜூலை மழையில் ஓடுதளத்தின் ஒரு பக்கம் சரிந்தது. வனத்துறையின் ஆட்சேபம், நீதிமன்ற வழக்கு எல்லாவற்றுக்கும் நடுவில், 2022 டிசம்பர் 1ஆம் தேதி இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ‘வைரஸ் எஸ்.டபிள்யூ.-80’ என்ற விமானம் ஒருவழியாக அங்கே தரை தொட்டது.

வண்டிப்பெரியாற்றைச் சுற்றி இருப்பவை தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து கிள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்தும் அதற்கும் தெற்கிலிருந்தும் கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து சத்திரம் தூரமில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே ஓடுதளம் இருக்கும் பாக்கியம் கேரளத்தில் எத்தனை தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வாய்க்கும்? ஆனால் அந்த ஓடுதளத்துக்கும் ஒரு பயணிகள் விமானத்தின் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்க இன்று நம்மிடம் உள்ள உதவித்தொகைகள் போதவில்லை. பல நேரங்களில் அவை பிள்ளையைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. விமானத் துறையைப் பொறுத்தவரை பாதி உதவி பெரும் தீங்கு என்பதைக் கொடுப்பவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. பாலக்காட்டுக் கல்பாத்தியில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து, பதினெட்டு வயது நிறைந்தவர் வணிக விமானி உரிமம் பெறலாம். அதற்கு முன் இரண்டு நிலைகளில் மருத்துவச் சான்று வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. நடத்தும் வான்வழிச் செலுத்தம், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுக்க வேண்டும். வானொலித் தொடர்புக்குத் தனியாக ஓர் உரிமம். இவற்றோடு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரிய செலவு இந்த 200 மணி நேரத்தில்தான் இருக்கிறது. மத்திய அரசின் கீழ் உத்தரப் பிரதேசத்து அமேதி மாவட்டம் ஃபுர்சத்கஞ்சில் இயங்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில் கட்டணம் 45 லட்சம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. பயிற்சி விமானம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, உதிரி பாகமும் அப்படியே. பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான ‘ஏவ்காஸ்’ என்ற எரிபொருளை 2022 வரை நாம் இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். அந்த ஆண்டுதான் இந்தியன் ஆயில் நிறுவனம் அதை உள்நாட்டில் தயாரித்து வெளியிட்டது. ஆகவே கட்டணம் வெறும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. பறப்பது உண்மையிலேயே செலவு பிடிக்கும் காரியம்.

உரிமம் கைக்கு வந்ததும் வேலை வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. ஏர்பஸ் ஏ-320 போன்ற குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தை ஓட்டுவதற்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சியைத் தனியாக முடிக்க வேண்டும். அதற்கு மேலும் பதினைந்து லட்சத்துக்குக் குறையாது. விமான நிறுவனங்கள் தாமே நடத்தும் கேடட் பைலட் திட்டங்களில் சேர்ந்தால் மொத்தச் செலவு ஒரு கோடியை ஒட்டி வரும்.

2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ என்று தோட்டத் தொழிலாளர் பெண்கள் திரண்டு நடத்திய போராட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அப்போது அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், 301 கிடைத்தது. 45 லட்சத்தை 301ஆல் வகுத்துப் பாருங்கள். சோறு தின்னாமல், துணி எடுக்காமல், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் கொழுந்து கிள்ளினால் 41 ஆண்டு ஆகும். அதன் பிறகு கூலி உயர்ந்திருக்கிறது. அந்தப் போராட்டத்தின் பெருமை அது. ஆனால் பறக்கும் பயிற்சியின் கட்டணமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

இவ்வளவு பெரிய தொகைக்கு அரசு என்ன தருகிறது? பட்டியல் சாதி மாணவர்களுக்காக மத்திய சமூக நீதி அமைச்சகம் நடத்தும் ‘டாப் கிளாஸ்’ உதவித்தொகையில் விமானி பயிற்சிக்கும் இடம் உண்டு. தனியார் பறக்கும் மன்றத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய் என்பது அதில் உச்சவரம்பு. இரண்டு ஆண்டு பயிற்சி என்று வைத்துக்கொண்டால் 7.44 லட்சம். கல்விக் கடனுக்குப் போனால், மத்திய அரசின் கடன் உறுதித் திட்டத்தின்படி 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் வங்கி வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ கேட்கும். லயத்து வீடு தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியவர்கள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்? உதவித்தொகையையும் கடனையும் கூட்டினாலும் பதினைந்து லட்சத்தைத் தொடவில்லை. பாக்கி முப்பது லட்சம் அப்படியே நிற்கிறது.

கொஞ்சமாவது கிடைக்கிறதே, மீதியைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் பறந்த மணி நேரம்தான் கணக்கில் சேரும். பி.ஏ. படிப்பை இரண்டாம் ஆண்டில் நிறுத்தினாலும் பத்து வருடம் கழித்துத் தொலைநிலைக் கல்வியில் முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. இங்கே எண்பது மணி நேரம் பறந்துவிட்டுப் பணம் இல்லாமல் ஊர் திரும்பும் மாணவரிடம் இருப்பது நாளாக ஆக மதிப்பிழக்கும் ஒரு பதிவுப் புத்தகம். அந்த எண்பது மணி நேரத்துக்காக அடகு வைத்த நகைக்கு வட்டி மட்டும் குறையாமல் ஏறிக்கொண்டிருக்கும். பாதி உதவி தீங்கு என்று நான் சொல்வது இதனால்தான். உதவித்தொகை இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் இந்தக் காரியத்தில் இறங்கியே இருக்காது.

உரிமம் பெற்ற பிறகும் இதே பள்ளம் காத்திருக்கிறது. ஐதராபாத்தில் பேக்கரித் தொழிலாளி ஒருவரின் மகள், ஒரு பத்திரிகை ஆசிரியரின் உதவியோடு பயிற்சியில் சேர்ந்து வணிக விமானி உரிமம் பெற்றார். செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆனால் இரட்டை எஞ்சின் பயிற்சிக்கும் டைப் ரேட்டிங்குக்கும் பணமில்லாமல் அவர் நின்றுவிட்டார். 2015இல் தெலங்கானா அரசு சுமார் 36 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அதன் பிறகே அவரால் பயிற்சியை முடித்து ஒரு விமான நிறுவனத்தில் சேர முடிந்தது. இரண்டாவது முறை கைகொடுக்க ஓர் அரசு முன்வராமல் போயிருந்தால் முதல் உதவி முழுவதும் வீணாகியிருக்கும். குஜராத் அரசு பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு விமானி பயிற்சிக்காக 25 லட்சம் வரை 4 விழுக்காடு வட்டியில் கடன் தருகிறது. அதுவும் பாதிதான், என்றாலும் 3.72 லட்சத்தைவிட நேர்மையான பாதி.

கேரளம் இதில் பின்தங்கிய மாநிலம் இல்லை. திருவனந்தபுரத்தில் மாநில அரசின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை அங்கே விமானிகளாக்க ‘விங்ஸ்’ என்ற திட்டத்தை அரசு நடத்துகிறது. பயனடைந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. ஐம்பது பேருக்கு ஒரு லட்சம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைவிட, ஐந்து பேரை முழுமையாகப் படிக்கவைப்பது மேல். கண்ணூர் மாவட்டம் ஆலக்கோடு பக்கத்தில் கரிம்பாலர் என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளர் குடும்பத்துப் பெண், அரசுத் திட்டத்தின் மூலம் விமானச் சேவைப் பட்டயம் படித்து 2022இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் விமானப் பணிப்பெண் ஆனதும் இங்கேதான்.

பணம் முழுமையாகக் கிடைத்தும் கதவு திறக்காத கதையும் கேரளத்தில் உண்டு. திருச்சூரைச் சேர்ந்த ஆடம் ஹாரி ஒரு திருநம்பி. தென்னாப்பிரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்றவர். வீட்டில் ஏற்றுக்கொள்ளாமல் வெளியேறி, ஜூஸ் கடையில் வேலை பார்த்தார். 2019இல் கேரள சமூக நீதித் துறை அவருடைய பயிற்சிக்குச் சுமார் 23 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. அகாடமியில் இடமும் கிடைத்தது. மருத்துவப் பரிசோதனையில் அவரைத் தகுதியற்றவர் என்றார்கள். ஹார்மோன் சிகிச்சையை நிறுத்தினால் பார்க்கலாம் என்ற நிலையில் அவரை நிறுத்தினார்கள். 2022 ஆகஸ்டில்தான் திருநர் விண்ணப்பதாரர்களின் மருத்துவத் தகுதி பற்றி டி.ஜி.சி.ஏ. வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு அரசு பணம் கொடுக்கிறது, இன்னொரு அரசின் அலுவலகம் வாசலில் தடுக்கிறது. நடுவில் ஓர் இளைஞரின் மூன்று வருடம் போனது. மருத்துவத் தகுதி, விதிகள், வயது எல்லாவற்றையும் முதலிலேயே பார்த்து, தடை வந்தால் மாணவருக்காக வாதாடும் பொறுப்பையும் உதவித்தொகை கொடுப்பவர்கள் ஏற்க வேண்டும்.

எல்லைத் தமிழர்களின் தேதி

இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் தாள் சாதிச் சான்றிதழ். இடுக்கித் தோட்டத் தமிழர் பிள்ளைகள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்தத் தேதியில் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் வசித்ததோ அந்த மாநிலத்தில்தான் அதற்குப் பட்டியல் சாதி உரிமை. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்கள் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 1950இல் பீர்மேடும் தேவிகுளமும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. உத்தமபாளையம் சென்னை மாநிலத்தில் இருந்தது. கங்காணியோடு தாத்தா 1949இல் மலை ஏறியிருந்தால் பேத்திக்குச் சான்றிதழ் உண்டு; 1952இல் ஏறியிருந்தால் இல்லை. 1949இல் வந்தார் என்பதையும் தாளில் நிரூபிக்க வேண்டும். பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் 2000ஆம் ஆண்டில் கைவிடப்பட்டன. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தாத்தாவின் வேலைப் பதிவேட்டை யாரிடம் போய்க் கேட்பார்கள்?

தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் அங்கே இருப்பிடச் சான்று குறுக்கே நிற்கிறது. தாட்கோ நிறுவனம் ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்களுக்கு விமானப் பணியாளர் பயிற்சியும் விமான நிலையச் சேவைப் பயிற்சியும் அளிக்கிறது. நல்ல திட்டம். ஆனால் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கானது. இடுக்கி மாவட்டத்து மறையூரிலிருந்து சின்னாறு வழியாக இறங்கினால் அமராவதி நகர் வந்துவிடும். அங்கே 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. இராணுவத்துக்கும் விமானப் படைக்கும் பிள்ளைகளைத் தயார்செய்யும் பள்ளி. அதில் 67 விழுக்காடு இடம் சொந்த மாநிலத்தாருக்கு. மறையூர்த் தமிழ்ப் பிள்ளை அங்கே வெளிமாநிலத்துப் பிள்ளை. திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டம் சைனிக் பள்ளியில் அவன் சொந்த மாநிலத்தான்தான். ஆனால் அது மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. தமிழ்வழியில் படித்த குழந்தைக்கு அந்தத் தூரம் வெறும் கிலோமீட்டரில் அடங்காது.

இதற்குத் தீர்வு பெரிய சட்டத் திருத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் என்ற ஒரே தகுதியின் பேரில், சாதிச் சான்று கேட்காமல், கேரள அரசு ‘விங்ஸ்’ போன்ற திட்டத்தில் ஆண்டுக்கு ஓர் இடம் ஒதுக்கலாம். தமிழ்நாடு அரசு, அயல்நாட்டுத் தமிழர்களின் நலனுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைச் சின்னாறு சோதனைச் சாவடிக்கு அப்பாலும் காட்டலாம்.

பணமில்லாமல் பறக்கும் வழிகள்

உதவித்தொகை என்றதும் எல்லோருக்கும் விமானி நினைவுக்கு வருகிறார். வானத்துக்குப் போக வேறு வழிகளும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குக் காசு வேண்டாம், தகவல் போதும். அந்தத் தகவல் தோட்டத்துப் பள்ளிகளுக்குப் போய்ச் சேருவதில்லை.

புனே பக்கத்துக் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தால் படிப்பு, உணவு, உடை, பறக்கும் பயிற்சி எல்லாம் அரசு செலவு. 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். பட்டம் முடித்து என்.சி.சி. விமானப் பிரிவின் ‘சி’ சான்றிதழ் வைத்திருந்தால் விமானப் படையின் பறக்கும் பிரிவுக்குத் தனி வாசல் இருக்கிறது. சத்திரம் ஓடுதளத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான். அது முழு மூச்சில் இயங்கி, பக்கத்துப் பள்ளி, கல்லூரிகளில் விமானப் பிரிவு தொடங்கினால், ஒரு லயத்துப் பெண் பைசா செலவில்லாமல் போர் விமானம் வரை போகலாம். இந்திய விமானிகளில் பெண்கள் சுமார் 15 விழுக்காடு; உலகச் சராசரியைப் போல மூன்று மடங்கு. இந்தப் பெருமையில் பீர்மேட்டுக்கும் பங்கு வரட்டும்.

இயற்பியலும் கணிதமும் படித்து பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இந்திய விமான நிலைய ஆணையம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ்களைத் தேர்வு மூலம் எடுக்கிறது. 27 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலம் தடையின்றிப் பேச வேண்டும். தேர்வானால் பிரயாக்ராஜ், ஐதராபாத் போன்ற இடங்களில் ஆணையமே சம்பளத்தோடு பயிற்சி தருகிறது. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் வங்கித் தேர்வுக்குத் தயாராகும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. இதற்கு உதவித்தொகை என்றால் ஆறு மாதப் பயிற்சி வகுப்புக் கட்டணமும் ஆங்கிலம் பேசப் பழக்கும் ஓர் ஆசிரியரும்தான். விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பும் விமானி பயிற்சியோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த செலவில் முடியும். டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற நிறுவனமா என்று மட்டும் பார்த்துச் சேர வேண்டும்.

அந்த அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஏமாறுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ‘ஏவியேஷன் மேனேஜ்மெண்ட்’, ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’, ‘கட்டணத்தில் பாதி ஸ்காலர்ஷிப்’ என்று ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் பலகை தொங்குகிறது. கட்டணத்தை இரட்டிப்பாகச் சொல்லி, அதில் பாதியைத் தள்ளிவிட்டு, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கிறார்கள். ஒன்றிரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு, எந்த விமான நிலையமும் தனியாக மதிக்காத ஒரு சான்றிதழைத் தருகிறார்கள். மாவட்டக் கல்வி அலுவலகங்கள் அங்கீகாரம் பெற்ற விமானப் பயிற்சி நிறுவனங்களின் பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒட்டினாலே பல குடும்பங்களின் நகை தப்பும்.

விமானி ஆவதற்கே மனம் வைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022இல் 1,165 பேருக்கும், 2023இல் 1,622 பேருக்கும் வணிக விமானி உரிமம் வழங்கப்பட்டது. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, வேலை வாசலில் நிற்கிறது என்று நம்பிவிடக் கூடாது. நிறுவனங்களுக்கு உடனே தேவைப்படுபவர்கள் அனுபவமுள்ள கேப்டன்கள். புதிதாக உரிமம் பெற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காத்திருக்கலாம். கடனில் படித்த பிள்ளையால் முடியாது. முழு உதவித்தொகை என்று நான் சொல்லும்போது இந்தக் காத்திருப்புக் காலத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முழுமையாகக் கொடுத்தவர்கள்

1892இல் அமெரிக்காவின் டெக்சாஸில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பருத்தி எடுத்து வளர்ந்தவர் பெஸ்ஸி கோல்மன். கறுப்பினப் பெண் என்பதால் அமெரிக்காவில் எந்தப் பறக்கும் பள்ளியும் அவரைச் சேர்க்கவில்லை. சிகாகோவில் நகம் அழகுபடுத்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையை நடத்திய ராபர்ட் அபட் வழி சொன்னார்: பிரெஞ்சு கற்றுக்கொள், பிரான்சுக்குப் போ. அபட்டும் ஜெஸ்ஸி பிங்கா என்ற வங்கியாளரும் பண உதவி செய்தார்கள். 1921 ஜூன் 15 அன்று கோல்மன் சர்வதேச விமானி உரிமம் பெற்றார். சட்டமும் அரசும் கைவிட்ட ஒரு பெண்ணை அவருடைய சமூகத்தின் இரண்டு மூன்று பேர் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பருத்திக் காட்டிலிருந்து வந்தவரால் முடிந்திருக்கிறது. கொழுந்துக் காட்டிலிருந்து வருகிறவரால் ஏன் முடியாது?

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 1971இல் இளையருக்கான பறக்கும் மன்றம் ஒன்றை அரசு தொடங்கியது. மேல்நிலைப் படிப்பிலும் பாலிடெக்னிக்கிலும் இருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் அங்கே அரசு செலவில் தனியார் விமானி உரிமம் வரை பயிற்சி பெறுகிறார்கள். நகரளவே உள்ள நாடு செய்கிற காரியம் இது. சத்திரம் ஓடுதளம் அதற்கு இணையாக வளர முடியும். நிலமும் தாரும் போட்டாகிவிட்டது.

தமிழ்நாட்டிலும் முன்மாதிரி உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை 1949இல் நிறுவிய சி. ராஜம், அதற்காகத் தம்முடைய மாளிகை வீட்டையே விற்றார். விமானப் பொறியியல் படிக்க அந்தக் கல்லூரிக்கு வந்த அப்துல் கலாமுக்குச் சேர்க்கைப் பணம் கட்ட வழியில்லை. அக்கா சோஹரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஒருவர் வீட்டை விற்றுக் கட்டிய கல்லூரிக்குள் நுழைய இன்னொருவர் வளையலை அடகு வைக்க வேண்டியிருந்தது. கலாமைப் பற்றிப் பேசும் எல்லா மேடைகளிலும் சோஹராவைப் புகழ்கிறோம். நல்லதுதான். ஆனால் இன்றைய 45 லட்சத்துக்கு எந்த அக்காவின் கையிலும் அவ்வளவு வளையல் இல்லை.

கல்பாத்தி செய்யக்கூடியது

இனி கல்பாத்திக்கு வருகிறேன். புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று ஆற்றங்கரையில் வரிசை கட்டி நிற்கும் இந்த அக்ரஹாரங்களிலிருந்து போனவர்கள் மும்பை, டெல்லி அலுவலகங்களிலும், வளைகுடாவிலும், அமெரிக்காவிலும் நிறைந்திருக்கிறார்கள். நிலத்தை நம்பி இவர்கள் முன்னேறவில்லை, படிப்பை நம்பினார்கள். அந்தப் படிப்புக்கும் யாராவது சோறு போட்டார்கள். ‘வாரச் சாப்பாடு’ என்று எங்கள் பாட்டிமார்கள் சொல்வார்கள். ஏழைப் பையன் ஒருவன் திங்கட்கிழமை ஒரு வீட்டில், செவ்வாய்க்கிழமை வேறொரு வீட்டில் என்று ஏழு வீட்டில் சாப்பிட்டுப் படித்து முடிப்பான். எந்த வீட்டுக்கும் சுமையில்லை. பையன் ஒருநாளும் பட்டினி கிடக்கவில்லை. விமானி உதவித்தொகைக்கு எனக்குத் தோன்றும் முறை இதுதான். ஏழு பேர் சேர்ந்து ஏழு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்க வேண்டாம். ஏழு பேரும் சேர்ந்து ஒரே பிள்ளையைக் கடைசி நாள் வரை தாங்கட்டும்.

வாரச் சாப்பாட்டில் ஒரு குறை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளையும் உட்காரவில்லை. பொதுச் சாலைகளில் எவரும் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு தேர்த் திருவிழாவின்போது அந்த உரிமையின் பேரில் கல்பாத்தித் தெருவுக்குள் வந்த ஈழவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். இந்தத் தெருவில் நடக்கும் உரிமைக்காக ஈழவர்கள் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்கள். அது நடந்து நூறாண்டு ஆகிவிட்டது. இன்று தேர் நாட்களில் எல்லாச் சாதியினரும் எல்லா மதத்தினரும் இந்தத் தெருக்களில் தோளோடு தோள் இடித்து நடக்கிறார்கள். ஆனாலும் கல்பாத்திக்கு ஒரு கடன் பாக்கி இருப்பதாக நான் நினைக்கிறேன். அந்தக் கடனை அடைக்க, இதே மொழி பேசி இதே மாநிலத்தில் வாழ்ந்தும் சான்றிதழ் இல்லாமல் நிற்கும் தோட்டத்துத் தலித் பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

இதற்கு ஒரு நிதி வேண்டும். ஆண்டுக்கு ஒரு பிள்ளை; முடியாவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒரு பிள்ளை. பீர்மேடு, தேவிகுளம் தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்ப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேன்பதி விவசாயக் குடும்பங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம். சாதிச் சான்று கேட்க வேண்டாம். பள்ளித் தலைமையாசிரியரின் கடிதமும் குடும்ப வருமானமும் போதும். விண்ணப்பம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். தேர்ந்தெடுக்கும் குழுவில் அக்ரஹாரத்துக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. தோட்டத் தொழிற்சங்கத்துப் பெண் ஒருவரும் பறந்து ஓய்வு பெற்ற விமானி ஒருவரும் கட்டாயம் வேண்டும். பணம் மாணவர் கையில் போகாமல் பயிற்சி நிலையத்துக்கே தவணை தவணையாகப் போகட்டும். டைப் ரேட்டிங்குக்கும் அதன் பிறகு ஓராண்டுக் காத்திருப்புக்கும் பணம் ஒதுக்கிவைத்த பிறகே முதல் மாணவரைச் சேர்க்க வேண்டும். பயிற்சிக்கு ஃபுர்சத்கஞ்ச் வரை போகத்தான் வேண்டும் என்றில்லை. திருவனந்தபுரம் அகாடமி இருக்கிறது, பக்கத்துச் சேலம் விமான நிலையத்திலும் பறக்கும் பயிற்சிக்கு விமான நிலைய ஆணையம் 2022இல் இடம் ஒதுக்கியது.

இவ்வளவு பெரிய தொகை சேர நாளாகும். அதுவரை காத்திருக்காமல் இந்த ஆண்டே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் பத்துத் தோட்டத்துப் பிள்ளைகளை இரண்டாம் நிலை மருத்துவப் பரிசோதனைக்குக் கோயம்புத்தூரோ கொச்சியோ அழைத்துப் போக வேண்டும். நபருக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் செலவு. நிறக்குருடோ வேறு குறையோ இருந்தால், நிலத்தை விற்றுப் பாதி தூரம் போன பிறகு தெரிவதைவிட அப்போதே தெரிவது நல்லது. தேறியவர்களுக்கு அடுத்த ஆண்டு டி.ஜி.சி.ஏ. தாள்களுக்கான புத்தகமும் பயிற்சி வகுப்பும். தேறாதவர்களுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தேர்வுக்கும் பராமரிப்புப் பொறியியலுக்கும் வழிகாட்டல். ஐப்பசித் தேருக்கு ஊர் வருகிறவர்களில் பலர், மூன்றாம் நாள் தேர்கள் சங்கமித்த இரவே ரயில் ஏறிவிடுகிறார்கள். இந்த முறை மறுநாள் காலை வரை இருங்கள். சாத்தபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் பத்துப் பேருக்கான செலவுக் கணக்கைப் போட்டுவிடலாம்.